வைவா அறைக்கு என்ன உடுத்துவது?

ஏப்ரல் கடைசி வாரம். ஒரு பொறியியல் கல்லூரிக்கு இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, எக்ஸ்டர்னலாக, வெளியிலிருந்து வரும் தேர்வாளராகப் போயிருந்தேன். ஆறாவதோ ஏழாவதோ பேட்ச். மூன்று பேர் நின்றார்கள். சர்க்யூட்டை வடிவமைத்தவன் நடுவில் நின்ற பையன்தான் என்பது இரண்டாவது ஸ்லைடிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவனால் நிற்க முடியவில்லை. ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தான். வாக்கியத்தைத் தொடங்குவான், பாதியில் முகம் சுருங்கும், மீதியைப் பக்கத்தில் இருந்தவனிடம் விட்டுவிடுவான். டெமோ முடிந்ததும் கேட்டேன்: "ஷூ கடிக்குதா தம்பி?"

"ரூம்மேட்டோட ஷூ சார். ஒரு சைஸ் சின்னது."

கழற்றிவிட்டுப் பேசச் சொன்னேன். சாக்ஸோடு நின்று அடுத்த பத்து நிமிடம் அவன் பேசியதுதான் அன்று நான் கேட்டதிலேயே தெளிவான விளக்கம்.

வெளியே வந்தபோது துறையின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். வைவா நேரம், பேட்ச் எண், அறை எண் எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: ஃபார்மல்ஸ், டக்-இன், கறுப்பு லெதர் ஷூ கட்டாயம். அந்த வரியை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பிள்ளைகள் நேர்த்தியாக வர வேண்டும், வெளியிலிருந்து வருபவர் முன் துறையின் பெயர் காப்பாற்றப்பட வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் அந்த ஒரு வரி அந்தப் பையனின் பேச்சில் பாதியைத் தின்றுவிட்டது. அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாணவர் ஒருவர் அவை முன் நின்று தன் வேலையை விளக்கும்போது உடைக்கு எவ்வளவு இடம்? அந்த இடத்தை யார் தீர்மானிப்பது? தயாரிப்பு என்று நாம் சொல்வதில் எது உண்மையான தயாரிப்பு?

ஒரு மாணவர் இப்படி எத்தனை முறை எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வகத் தேர்வில் வைவா. நடுவில் செமினார். பக்கத்துக் கல்லூரி சிம்போசியத்தில், ஓ.டி. (ஆன்-டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு போய்ச் செய்யும் பேப்பர் பிரசன்டேஷன். இறுதியாண்டில் ஜீரோத் ரிவ்யூ தொடங்கி மூன்றாம் ரிவ்யூ வரை, பிறகு வைவா. முனைவர் பட்டத்துக்குப் போனால் செமஸ்டர்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்ற அறிக்கை, ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஒரு பிரசன்டேஷன், கடைசியில் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கக்கூடிய பொது வாய்மொழித் தேர்வு. இத்தனை மேடைகளுக்கும் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. உடை பற்றிய அறிவுரை மட்டும் துறைத் தலைவரிடமும், பிளேஸ்மென்ட் அலுவலரிடமும், சீனியர்களிடமும், வீட்டிலும் குறைவின்றிக் கிடைக்கிறது.

அறிவுரை சொல்பவர்கள் எல்லோரும் கைகாட்டுவது ஒரே பழமொழியை: ஆள் பாதி, ஆடை பாதி. ஆனால் அவை பற்றி நம்மிடம் இருக்கும் மிக விரிவான பாடம் வேறு மாதிரி இருக்கிறது. திருக்குறளின் பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்கள். முப்பது குறள்களிலும் உடை பற்றி ஒரு சொல் இல்லை. கேட்பவர் யார் என்று அறிவது, அவர் அளவுக்குப் பேசுவது, கேட்டால் பதில் சொல்லும் வகையில் கற்றுவைப்பது ஆகியவையே வள்ளுவர் சொல்லும் தயாரிப்பு. அச்சத்துக்கு அவர் தரும் மருந்தும் கல்விதான்: பதில் சொல்லும் முறையைக் கற்றவன் அஞ்சமாட்டான். நாலடியார் இன்னும் வெளிப்படை. முடி அழகும், கரை போட்ட உடையின் அழகும், மஞ்சள் பூச்சின் அழகும் அழகல்ல, கல்வியின் அழகே அழகு என்கிறது.

அதற்காக உடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த மண்ணில் அப்படிச் சொல்வது வரலாற்றை மறப்பதாகும்.

தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிய மன்னரின் அறிவிப்பு வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் பாணியில் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. உடை என்பது இங்கே யார் எந்த இடத்தில் நிற்கலாம் என்று பிறர் விதித்த கோடு. அதனால்தான் அம்பேத்கரின் கோட்டும் டையும் வெறும் மேல்நாட்டுப் பழக்கமாக ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தெரிவதில்லை. ஊர்தோறும் நிற்கும் சிலைகளில் அந்த நீலக் கோட்டு, படித்தவன் தலைநிமிர்ந்து நிற்பதன் அடையாளம். அதே நேரம், 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, உடுத்தத் துணியில்லாத விவசாயியைப் போலத் தானும் அரையாடைக்கு மாறினார். ஒருவர் உடையைக் கூட்டிச் சொன்னதையும் மற்றவர் குறைத்துச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இருவருமே தம் உடையைத் தாமே தேர்ந்தார்கள். மதிப்பு அந்தத் தேர்வில் இருந்தது.

நம் கல்வி நிறுவனங்களின் உடைவிதிகளில் இல்லாமல் போவது அந்தத் தேர்வுதான். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை முதலியவற்றுக்குத் தடை விதித்தபோது தமிழ்நாடு முழுக்க அதுவே பேச்சாக இருந்தது. பல தனியார் கல்லூரிகள் அதற்கு முன்பே அதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருந்தன. வளாக வேலைவாய்ப்பு பெருகியபோது ஐ.டி. நிறுவன நேர்காணலுக்கான உடையே வைவாவுக்கும் உடை என்று ஆனது. முழுக்கைச் சட்டை, டை, பெல்ட், ஷூ. சில இடங்களில் பிளேசர். சென்னையிலும் திருச்சியிலும் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மாதத்தில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், அதை அணிந்துகொண்டு ஒரு பிள்ளை தன் நான்கு வருடப் படிப்பை நிரூபிக்க வேண்டும்.

மரியாதைக்குரிய உடை என்றால் மேல்நாட்டு உடைதான் என்ற எண்ணத்தை இந்த மாநிலமே சட்டம் போட்டு மறுத்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி அணிந்து சென்றதற்காக சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. சில வாரங்களில் சட்டமன்றம், வேட்டி அணிந்து வருவோரை மன்றங்களும் பொது இடங்களும் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும் ஆண்களுக்கு ஃபார்மல் பேன்ட்டோடு வேட்டியும், பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸும் சுரிதாரும் இடம்பெற்றன. கோட்டையில் கோப்பு பார்ப்பவர் வேட்டி கட்டலாம் என்றால், புராஜெக்ட்டை விளக்கும் மாணவர் ஏன் கட்டக் கூடாது? பட்டமளிப்பு அங்கியைப் பற்றியும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 2010இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியை மேடையிலேயே கழற்றி, அதைக் காலனியாட்சியின் எச்சம் என்று கண்டித்தார். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு பட்டமளிப்பு விழாக்களுக்குக் கைத்தறி உடையைப் பரிந்துரைத்தது. விழாவுக்கான அந்தப் பேச்சு தேர்வறைக்குள் இன்னும் வரவில்லை.

கட்டாய உடையை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதுவோர் கறுப்பு உடை, வெள்ளைச் சட்டை, அங்கி அடங்கிய 'சப் ஃபஸ்க்' அணிந்தே ஆக வேண்டும். 2015இல் மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தியபோது, அது கட்டாயமாகவே தொடரட்டும் என்று முக்கால் பங்கினர் வாக்களித்தார்கள். அவர்களில் பலர் சொன்ன காரணம், எல்லோரும் ஒரே உடையில் இருக்கும்போது பணக்காரப் பிள்ளை யார், ஏழைப் பிள்ளை யார் என்று தெரியாது என்பதுதான். நம் அரசுப் பள்ளிச் சீருடையின் தத்துவமும் இதுவே. ஆனால் பள்ளிச் சீருடையை அரசு தைத்துக் கொடுக்கிறது. வைவா உடையைப் பிள்ளை தானே வாங்க வேண்டும். பிளேசர், லெதர் ஷூ, பெல்ட், டை எல்லாம் புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் கிடைப்பது 1000 ரூபாய். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையனுக்கும் அதே தொகை. கையில் துணி கொடுக்காமல் சீருடை கேட்டால் அது சமத்துவம் ஆகாது.

உடையைப் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

தன்னம்பிக்கைப் பயிலரங்குகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கணக்கு உண்டு: தகவல் பரிமாற்றத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகளில் இருந்து எடுத்தது இது. அந்த ஆய்வுகள் பார்த்தது, ஒருவர் தனிச் சொல்லைச் சொல்லும்போது அவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதை மட்டும்தான். உணர்வையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லிவிட்டார். வெப்பப் பரிமாற்றியின் செயல்திறனை விளக்கும் மாணவரிடம் உன் சொல்லுக்கு ஏழு விழுக்காடுதான் மதிப்பு என்று சொல்வது பெரும் அநியாயம்.

உடை, அணிபவரின் சிந்தனையையே மாற்றும் என்ற கருத்தும் அப்படித்தான் பரவியது. 2012இல் ஆடம், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள், மருத்துவரின் வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களின் கவனம் கூடுகிறது என்று எழுதினார்கள். அவர்களின் முதல் சோதனையை 2019இல் வேறொரு குழு கூடுதல் ஆட்களை வைத்துச் செய்து பார்த்தது. அந்த விளைவு கிடைக்கவில்லை. மேடைக்கு முன் கைகளை விரித்து நின்றால் துணிவு சுரக்கும் என்ற 2010ஆம் ஆண்டு ஆய்வுக்கும் இதே கதி. 200 பேரைக் கொண்டு 2015இல் வெளியான மறுசோதனையில் ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரே பிறகு அதிலிருந்து விலகிக்கொண்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு ஆய்வுகள். முதலாவது, 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு மாணவருக்கு, பலரும் கூச்சப்படும் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்றை மாட்டி, சக மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அந்த டி-ஷர்ட்டை அணிந்த மாணவர்கள் ஊகித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்குதான். கண்ணாடி முன் நின்று, சட்டையின் கையில் உள்ள சிறு கறையைப் பார்த்துப் பார்த்துப் பதறும் ஒவ்வொரு மாணவருக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களுக்குப் பெரிதாகத் தெரிவதில் பாதி எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது ஆய்வு மாணவருக்கல்ல, மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும் எங்களுக்கு. ஓ, ஷஃபிர், டோடரோவ் மூவரும் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளியிட்டது. முகங்களின் படங்களைக் காட்டி இவர் எவ்வளவு திறமைசாலி என்று கேட்டார்கள். சற்று வசதியானவருடையதாகத் தோன்றும் உடையில் இருந்த அதே முகத்துக்குக் கூடுதல் திறமை மதிப்பு கிடைத்தது. படத்தை ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டியபோதும் அப்படித்தான். உடையைக் கணக்கில் கொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னபோதும், சரியாகக் கணித்தால் பணம் உண்டு என்றபோதும் அந்தச் சாய்வு போகவில்லை. ஒன்பது சோதனைகளிலும் இதே முடிவு. நான் நடுநிலையானவன், உடையைப் பார்த்து மதிப்பெண் போடமாட்டேன் என்று நம்பும் தேர்வாளர் இதைப் படிக்க வேண்டும். சாய்வு நம் எண்ணத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மதிப்பெண் தாளில் தோற்றம், நடையுடை என்று ஒரு கட்டம் வைத்திருக்கும் துறைகள், அந்தச் சாய்வுக்குப் பட்டா எழுதிக் கொடுக்கின்றன.

ஆகவே மாணவரிடம் ஆடை முக்கியமில்லை என்று சொல்லிவிட்டு நகர்வதும் நேர்மையாகாது. பார்ப்பவர் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்கு என்ன செய்வது? நம்மிடம் இன்னொரு பழமொழி இருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு. என்னைக் கேட்டால், வைவா உடைக்கு முழுப் பாடமும் இதில் அடங்கிவிடும். துவைத்தது, இஸ்திரி போட்டது, உடம்புக்குப் பொருந்தியது, ஏற்கெனவே பலமுறை உடுத்திப் பழகியது. இந்த நான்கும் இருந்தால் விலை எதுவாக இருந்தாலும் போதும்.

பழகியது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். புதுச் சட்டையின் காலர் கஞ்சி விறைப்போடு கழுத்தை அறுக்கும். ஒருமுறை அலசிவிட்டு உடுத்துங்கள். புது ஷூவை ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பழக வேண்டும். சேலை கட்டிப் பழக்கமில்லாத பெண், வைவா அன்று முதன்முதலாகக் கட்டினால், ஒரு கை எப்போதும் கொசுவத்திலேயே இருக்கும். பேச்சில் பாதி மனம் முந்தானையில் இருக்கும். சுரிதார் பழக்கம் என்றால் சுரிதாரே போதும், துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்திக்கொண்டால் சரி. சேலைதான் பிடிக்கும் என்றால் கட்டுங்கள், ஆனால் ஒத்திகையையும் சேலையிலேயே செய்யுங்கள்.

துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த சட்டை மடிப்புக் கலையாது, ஆனால் மே மாத அறையில் வியர்வையை வெளியே விடாது. சாம்பல் நிறத்திலும் வெளிர் நீலத்திலும் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் அடர் நிறங்களிலும் அவ்வளவு தெரியாது. உள்ளே பனியன் போட்டுக்கொண்டால் நிம்மதி. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு மைக்கைப் பிடித்தால் ஒவ்வொரு வாக்கியமும் சலசலக்கும். காலர் மைக் தருகிறார்கள் என்றால் அதன் சிறு பெட்டியை மாட்ட பெல்ட்டோ பாக்கெட்டோ வேண்டும். பெண்களின் குர்த்தாவில் பெரும்பாலும் பாக்கெட் இருப்பதில்லை. தையற்காரரிடம் சொன்னால் பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைத்துத் தருவார், மைக்குக்கும் பாயின்டருக்கும் அது உதவும். 2020இல் தொற்றுக்காலத்தில் மானியக் குழு காணொளி வழி வாய்மொழித் தேர்வை அனுமதித்த பிறகு கேமரா முன் பேசுவதும் சகஜமாகிவிட்டது. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் அலையலையாக ஆடும்; ஒரே நிறச் சட்டை நல்லது. பொட்டு, திருநீறு, ஹிஜாப், சிலுவை, தலையில் மல்லிகைப்பூ இவற்றைப் பற்றித் தேர்வாளருக்கு எந்தக் கருத்தும் இருக்கத் தேவையில்லை.

உடை பற்றி இவ்வளவு போதும். இதற்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் செலவாகக் கூடாது. மீதி நாட்கள் முழுவதும் வாய்க்குப் போக வேண்டும்.

ஆம், வாய்க்கு. நான் பார்த்தவரை நம் மாணவர்கள் தயாரிப்பு என்று செய்வது ஸ்லைடை மாற்றி மாற்றி அலங்கரிப்பதும், அதை மனத்துக்குள் திரும்பத் திரும்பப் படிப்பதும்தான். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பேசுகிறது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வைவா என்பது புத்தகம் மூடிய தேர்வு. ஆகவே லேப்டாப்பை மூடிவிட்டு, எழுந்து நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும், அல்லது இருபது நிமிடம் இழுக்கும். நான்காவது தடவையில் சரியான நேரத்துக்குள் வந்து நிற்கும். அந்த நான்காவது ஒத்திகையை அன்று அணியப்போகும் உடையோடும் காலணியோடும் செய்துவிட்டால், உடை பற்றிய கவலையும் அதோடு முடிந்தது.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழில் படிக்கும் வழி பிறந்தது. ஆனாலும் வைவா அறையில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகம் முடிந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. காரணம், விஷயம் மனத்தில் எந்த மொழியிலும் உட்காரவில்லை. ஹாஸ்டலில் வேறு துறை நண்பனிடம், வீட்டில் அம்மாவிடம், "நான் என்ன செஞ்சிருக்கேன் தெரியுமாம்மா?" என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். அவர் புரியவில்லை என்று எந்த இடத்தில் சொல்கிறாரோ அந்த இடம் உங்களுக்கும் புரியவில்லை. அதைச் சரிசெய்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது சிறிய வேலை.

எக்ஸ்டர்னல் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சிலவற்றுக்குள் அடங்கிவிடும். இதில் உங்கள் பங்கு எது? ஏன் இந்த முறை, வேறு முறை ஏன் இல்லை? இந்த வரைபடத்தின் அச்சுகள் எதைக் குறிக்கின்றன? இது எங்கே தோற்கும்? இந்த நான்குக்கும் சொந்த வாக்கியத்தில் பதில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை சார், இப்படிச் செய்து பார்த்துக் கண்டுபிடிப்பேன்" என்று சொல்வது நல்ல பதில்களில் ஒன்று. அதற்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

நடுக்கம் வரும். வரட்டும். 2003இல் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் செய்த சோதனையில், உன் பதற்றம் நீ நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது என்று முன்கூட்டியே விளக்கப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். பேசப்போகும் நிமிடத்தில் 'அமைதியாக இரு' என்று தன்னையே அடக்குவதைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வது பேச்சை மேம்படுத்துகிறது என்று 2014இல் ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் காட்டினார். இரண்டுக்கும் காசு செலவில்லை.

கருவி சார்ந்த சில்லறை விஷயங்கள் சில. பிபிடியோடு பிடிஎஃப் ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும். தமிழில் ஸ்லைடு செய்யும் தமிழாய்வு மாணவர்களுக்கு இது உயிர்நாடி. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாறுங்கள். டெமோ ஓடும் நிலையில் இருக்கும்போதே செல்பேசியில் ஒரு வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சென்சார்கள் எக்ஸ்டர்னலைக் கண்டால் அடம்பிடிக்கும்.

முனைவர் பட்ட வைவா பற்றி மனவருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நாடுகளிலும் அது சடங்கோடுதான் நடக்கிறது. நெதர்லாந்தில் தேர்வரின் பக்கத்தில் இரண்டு துணைவர்கள் நிற்பார்கள். நேரம் முடிந்ததும் கோல் ஏந்திய அலுவலர் வந்து லத்தீனில் நேரமாயிற்று என்று அறிவிப்பார். பின்லாந்தில் பட்டம் ஏற்கும் விழாவில் முனைவருக்குத் தொப்பியும் வாளும் உண்டு. சடங்கு தவறில்லை. வருடக்கணக்கான உழைப்பு முடியும் நாளைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் நம் ஊரில் பல இடங்களில் அந்த நாள் ஆய்வு மாணவரின் சட்டைப்பையைக் காலி செய்கிறது. புதுக் கோட்டு அல்லது பட்டுச்சேலை, தேர்வாளருக்குப் பொன்னாடை, நினைவுப்பரிசு, துறை முழுவதற்கும் மதியச் சாப்பாடு. உதவித்தொகை நின்று பல மாதம் ஆன ஆய்வாளர்கள் இதற்காகக் கடன் வாங்குகிறார்கள். அன்று காலை நெறியாளர் கேட்கும் முதல் கேள்வி சாப்பாடு வந்துவிட்டதா என்பதாக இருப்பதை நானே கேட்டிருக்கிறேன். கேள்விக்குத் தயாராக வேண்டிய கடைசி இரண்டு நாட்களை அந்த மாணவர் இலைக்கணக்குப் பார்ப்பதில் கழிக்கிறார். இது நிற்க வேண்டும். இதை நிறுத்தும் பொறுப்பு மாணவருடையது அல்ல. அவரால் மறுக்க முடியாது. நெறியாளரும் தேர்வாளரும்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு தேநீர் போதும் என்று தேர்வாளர் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது. நான் சில ஆண்டுகளாக அப்படி அனுப்பிவருகிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. விதி எளியது: மூன்று நிமிடம், அசையாத ஒற்றை ஸ்லைடு. வேடஉடையோ வேறு துணைப்பொருளோ கூடாது. பேசுபவரையும் பேச்சையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மேடையிலிருந்து எடுத்துவிடும் அந்த ஏற்பாட்டை நம் துறைகள் மாதம் ஒருமுறை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம். இறுதியாண்டு வைவா வரும்போது அவர்கள் பலமுறை நின்று பேசியிருப்பார்கள், எந்த உடையில் தமக்கு வசதி என்பதும் அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் வைவா அறிவிப்பை ஒட்டும்போது அந்தக் கடைசி வரியை மாற்றி எழுதுங்கள்: சுத்தமான, உங்களுக்குப் பழகிய உடை, சட்டை பேன்ட், வேட்டி, சேலை, சுரிதார் எதுவும் சரி, காலணி உங்கள் அளவில் இருக்கட்டும். மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு ஒரு கட்டம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.